ஆற்றோடு ஒரு பாடம்: ஒகேனக்கல் முதல் பூம்புகார் வரை



நம் பாடப் புத்தகத்தில் ஆறு என்பது ஒரு கோடு. ஹைட்ராலிக்ஸ் தாளில் அது ஐந்து மார்க் கணக்கு. வரலாற்றுப் புத்தகத்தில் அது ஒரு வரி. ஆனால் ஆற்றங்கரையோடு நாலு நாள் நடந்து பாருங்கள். அந்தக் கோடும் கணக்கும் வரியும் ஒன்றாகச் சேர்ந்து உயிரோடு ஓடுவதைப் பார்க்கலாம்.

செமஸ்டர் லீவில் நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் காவிரியோடு ஒரு பயணம் போனோம். பஸ், பரிசல், விசைப்படகு, மற்றபடி நடராஜா சர்வீஸ்! பார்த்ததையும் படித்ததையும் ஒரு பாடமாகத் தொகுத்துத் தந்தால் நம் மாணவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் கிடையாது. தாத்தா கரூர்ப் பக்கம் காவிரியில் பரிசல் போட்டவர். அப்பா கொத்தனார். அதனால் ஆறும் கல்லும் எனக்குப் புத்தகத்தில் அறிமுகமானவை அல்ல. புத்தகம்தான் எனக்குப் புதிது.

முதலில் ஒரு கேள்வி

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. இவ்வளவு பெரிய ஆற்றில் ஏன் கப்பல் ஓடவில்லை? ஜெர்மனியின் ரைன் ஆற்றில் சரக்குக் கப்பல் போகிறது. எகிப்தின் நைல் ஆற்றில் சுற்றுலாக் கப்பல் போகிறது. நம் காவிரியில் மட்டும் ஏன் முடியாது?

காரணம் மூன்று. மேல்பகுதியில் சரிவும் பாறையும் அதிகம். கீழ்ப்பகுதியில் மணல் திட்டுகள் அதிகம். ஆண்டு முழுவதும் ஒரே அளவு தண்ணீரும் வருவதில்லை. போதாக்குறைக்கு நடுவே அணைகள். ஆகவே காவிரிப் பயணம் என்றால் துண்டு துண்டான பயணம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாகனம், ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாடம்.

1. ஒகேனக்கல்: பரிசல் சொல்லும் பாடம்

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. அருவி விழும் இடத்தில் நீர்த்துளிகள் புகை போல எழும்புவதால் வந்த பெயர். பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் திரும்பும்போது தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் மட்டும்தான் தெரியும். மீன் வறுக்கும் வாசனை கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் வருகிறது!

பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது? மூங்கில் பின்னல், அடியில் தட்டை, வெளியே தண்ணீர் புகாத உறை. அந்தக் காலத்தில் தோல், பிறகு தார் பூசிய பிளாஸ்டிக் ஷீட். அடியில் கூர் இல்லாததால் பாறைக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை இங்கே போட்டுப் பார்ப்போம். அடிப்பாகம் 2.3 மீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 4.15 சதுர மீட்டர். ஆளுக்கு 60 கிலோ வீதம் ஆறு பேர் 360 கிலோ, பரிசல் 60 கிலோ, மொத்தம் 420 கிலோ. இதைத் தாங்க 420 லிட்டர் தண்ணீர் விலக வேண்டும். 0.42-ஐ 4.15-ஆல் வகுத்தால் 0.10 மீட்டர். அதாவது பத்து சென்டிமீட்டர் அமிழ்ந்தால் போதும். ஒரு சாண் கூட இல்லை! இந்தக் கணக்கைப் பேப்பரில் போடாமலே எங்க தாத்தா எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. வட்டப் பரிசலில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் பாரத்தின் மையம் நகர்ந்துவிடும். உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறாதீர்கள். தண்ணீர் வரத்து கூடும்போது அதிகாரிகள் பரிசலை நிறுத்தி வைப்பார்கள். அப்போது 'ஒரே ஒரு ரவுண்டு அண்ணே' என்று கெஞ்சாதீர்கள்.

2. மேட்டூர்: தண்ணீருக்குள் ஊர்

பென்னாகரம் வழியாக பஸ் பிடித்து மேட்டூர் வந்தோம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி பெயரால் 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்' என்று பெயர். முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

அணையின் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளப்பது எளிது. அதன் அடியில் மூழ்கியதையும் நினைக்க வேண்டும். தேக்கம் நிரம்பியபோது பல கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். டெல்டாவில் சோறு விளைய, இங்கே சிலர் வீடு கொடுத்திருக்கிறார்கள்.

சரி, தினமும் செய்தியில் கேட்கும் டி.எம்.சி. என்றால் என்ன? ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. கியூசெக் என்பது வினாடிக்கு ஒரு கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆகவே 11,574 கியூசெக் வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கு. அணை நிரம்பி இருக்கிறது. வரத்து ஒரு சொட்டுக் கூட இல்லை. வினாடிக்கு 15,000 கன அடி திறந்தால் எத்தனை நாள் வரும்? போட்டுப் பாருங்கள், 72 நாள்தான். குறுவை நெல்லுக்கு நூறு நாளுக்கு மேல் வேண்டும்! ஆக, அணை நிரம்பியது என்றால் கவலை தீர்ந்தது என்று அர்த்தமில்லை, மேலிருந்து தொடர்ந்து வர வேண்டும். காவிரி வழக்கு ஏன் இத்தனை ஆண்டு நடந்தது என்பது இந்தக் கணக்கிலேயே புரியும். 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள், 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அது நீண்டது.

3. பூலாம்பட்டி: டவுன் பஸ் மாதிரி படகு

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் இங்கே இல்லை. குறைந்த உயரத்தில் நிறையத் தண்ணீரை ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள்.

கதவணையில் தண்ணீர் தேங்கி நிற்பதால் பூலாம்பட்டியில் ஆறு ஏரி மாதிரி அகன்று கிடக்கிறது. இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரையில் நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம். நடுவே விசைப்படகு. பள்ளிப் பிள்ளைகள், காய்கறி மூட்டை, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே படகில். சுற்றிலும் மலை, தென்னை, வயல். இதைக் 'குட்டி கேரளா' என்று சொல்கிறார்கள். படகோட்டி அண்ணன் எங்களைப் பார்த்து, "தம்பிங்களா, போட்டோ எடுக்கிறதுக்கு எழுந்து நிக்காதீங்க, உக்காந்து எடுங்க" என்றார். ஒகேனக்கல்லில் படித்த அதே பாடம்!

4. பவானி: வளைந்து போன வாய்க்கால்

பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடம் கூடுதுறை. சங்கமேஸ்வரர் கோவில் படித்துறையில் உட்கார்ந்தால் இரண்டு ஆற்றின் நிறமும் தனித்தனியாகத் தெரியும். ஊருக்குள் போனால் ஜமக்காளம் நெய்யும் தறிச் சத்தம்.

நாங்கள் பார்க்கப் போனது காலிங்கராயன் அணைக்கட்டை. பவானி ஆற்றின் குறுக்கே 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இங்கே தொடங்கும் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போய் நொய்யலைத் தொடுகிறது. ஆனால் நேராகப் போகவில்லை, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. ஏன்? நேராக வெட்டினால் சரிவு கூடும், வேகம் கூடும், கரை அரிக்கும். சம உயரக் கோட்டை ஒட்டி வளைத்துக் கொண்டுபோனால் தண்ணீர் நிதானமாகப் போகும், நிறைய நிலத்துக்கும் பாயும். நாம் சர்வே லேபில் டம்பி லெவலும் ஸ்டாஃபும் வைத்துக்கொண்டு காண்டூர் போடத் திணறுகிறோம். அவர்கள் தண்ணீரையே மட்டமாக வைத்து வேலை செய்திருக்கிறார்கள்.

5. கொடுமுடி, கரூர்: நாணயம் கிடைத்த ஆறு

கொடுமுடியில் மகுடேஸ்வரர் கோவில் கரையை ஒட்டியே நிற்கிறது. இதைத் தாண்டினால் நொய்யல் வந்து சேரும். அப்புறம் திருமுக்கூடலூரில் அமராவதி சேரும். அமராவதிக் கரையில்தான் கரூர். அந்த ஆற்றுப் படுகையில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. கடலுக்கு அப்பால் இருந்த வியாபாரி, நம் ஆற்றங்கரையோடு நடந்து கரூர் வரை வந்திருக்கிறான் அல்லது அவன் காசு வந்திருக்கிறது. அக்காலத்தில் ஆற்றங்கரைதான் நெடுஞ்சாலை. சோறும் தண்ணீரும் நிழலும் ஒரே வழியில் கிடைக்கும் அல்லவா?

எங்கள் ஊர்த் துறையும் இந்தப் பக்கம்தான். தாத்தா இப்போது பரிசல் போடுவதில்லை. பாலம் வந்துவிட்டது. ஆனாலும் ஆற்றைப் பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவார். "செந்தண்ணி வந்தா மேல மழை கண்ணு. தண்ணி சுழியாம அமைதியா இருக்கிற இடத்துலதான் மடு. ஆத்துல இறங்குறவன் முதல்ல கம்பை இறக்கணும், அப்புறம்தான் காலை இறக்கணும்." இதைத்தான் நாம் 'சவுண்டிங்' என்று படிக்கிறோம்.

6. முக்கொம்பு: ஆறு இரண்டாகும் இடம்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டில் கொள்ளிடம் தாழ்வானது, சரிவும் கூடுதல். பள்ளத்தைக் கண்டால் தண்ணீர் சும்மா இருக்குமா? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் ஆண்டுக்கு ஆண்டு அதிகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. காவிரித் தலைப்பு மணலால் மேடிட்டது. தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின.

அப்போது வந்தவர் ஆர்தர் காட்டன். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே இங்கே மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டும் வேலையைத் தொடங்கினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. இத்தோடு கதை முடியவில்லை. காவிரித் தலைப்பில் இப்போது வேகம் கூடி, அங்கே அடிமட்டம் அரிக்க ஆரம்பித்தது. பிறகு அங்கும் குறுக்கே கட்ட வேண்டி வந்தது. ஆற்றில் ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் இந்த மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில், திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூணும் இடிந்து விழுந்தது. பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டதால் அப்போது பழையதில் போக்குவரத்து இருக்கவில்லை.

தூண் ஏன் விழுகிறது? மேலே பாரம் தாங்காமல் விழும் பாலங்களைவிட, அடியில் மண் அரித்து விழும் பாலங்கள் உண்டு. லேசியின் சூத்திரத்தைச் சொல்லிப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலத்தில் வினாடிக்குப் பாயும் கன மீட்டரை வர்க்கப்படுத்து. வண்டல் காரணியால் வகு. கனமூலம் எடு. 1.35-ஆல் பெருக்கு. 20 கன மீட்டர் பாய்கிறது, வண்டல் காரணி 1 என்று வைத்தால், 400-க்குக் கனமூலம் 7.37, விடை ஏறத்தாழ 10 மீட்டர். தூணின் மூக்குப் பக்கம் இதை இரண்டு மடங்காக எடுக்கச் சொல்கிறார்கள். வெள்ள மட்டத்திலிருந்து 20 மீட்டர் ஆழம் வரை மண் போகலாம்! அடிமானம் அதற்கும் கீழே போக வேண்டும்.

இப்போது யோசியுங்கள். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப் படுகையே இரண்டு மூன்று மீட்டர் இறங்கிவிட்டால்? டிசைன் செய்தவர் கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் தூணின் பிடிமானம் போய்விடும். மணல் இல்லாமல் அப்பாவுக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டு அடுப்பும் அந்த மணலில்தான் எரிந்தது. அதனால் 'மணலே எடுக்காதே' என்று மேடையில் பேசுவது எனக்குச் சுலபமில்லை. எவ்வளவு, எங்கே, எந்த ஆழம் வரை என்று அளந்து, அந்த அளவோடு நிறுத்துவதுதான் வழி. அளப்பது யார் வேலை? நம் வேலை.

7. திருவரங்கம்: தீவில் ஒரு ஊர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத் தீவு. அதில்தான் திருவரங்கம். ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு மொட்டைக் கோபுரமாக நின்று, 1987-ல்தான் முழுமை பெற்றது. அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலைக்கோட்டை. ஆற்றின் நடுவே மணல் தீவில் இவ்வளவு பாரம் நிற்கிறதென்றால், அடிமானம் போட்டவன் எத்தனை கெட்டிக்காரன்!

8. கல்லணை: மணலில் வீடு கட்டியவர்கள்

தீவு முடியும் இடத்தில் கல்லணை. கரிகாற் சோழன் கட்டியது என்பது வழிவழியாக வரும் வரலாறு. 1,079 அடி நீளம். நேர்க்கோடாக இல்லாமல் வளைந்த அமைப்பு. இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து டெல்டாவுக்குப் போகிறது. மிச்ச வெள்ளம் கொள்ளிடத்துக்கு. மேலே தெரியும் பாலமும் ஷட்டர்களும் பிற்காலத்தவை. அடியில் இருப்பதுதான் பழைய அணை.

இதை எப்படிக் கட்டினார்கள்? பாறை தட்டும் வரை தோண்டவில்லை. பெரிய கல்லை ஓடும் ஆற்று மணலில் போட்டார்கள். தண்ணீர் அடியில் மணலை அரிக்க, கல் தன் பாரத்தில் இறங்கியது. அதன்மேல் இன்னொரு கல், இடையில் களிமண். இனி இறங்காது என்ற நிலை வரும் வரை கல் மேல் கல். எந்த அரிப்பு தூணைச் சாய்க்குமோ, அதே அரிப்பையே வேலையாளாக வைத்துக்கொண்டார்கள்! காட்டன் இந்த அணையை ஆராய்ந்து, ஆழம் தெரியாத மணலில் அடிமானம் போடும் முறையைத் தாங்கள் கற்றது இவர்களிடமிருந்துதான் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்தப் படிப்பைக் கொண்டுதான் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டைக் கட்டினார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். கல்லைச் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களுக்கு டிப்ளமோ இல்லை. என் அப்பாவுக்கும் இல்லை. ஆனால் படித்த இன்ஜினியர் ஒருவர் அவர்கள் வேலையின் முன்னால் மாணவராக உட்கார்ந்திருக்கிறார். படிக்காதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எவராவது சொன்னால், கல்லணைக்கு பஸ் ஏற்றி அனுப்புங்கள்!

9. திருவையாறு முதல் பூம்புகார் வரை

கல்லணைக்குக் கீழே ஆற்றின் முகமே மாறிவிடுகிறது. இருபுறமும் வயல், வாழை, தென்னை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே. 1847-ல் மறைந்த அவருக்கு ஆண்டுதோறும் ஆராதனை நடக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊர் ஊராகப் படித்துறைகள். ஐப்பசியில் மயிலாடுதுறையில் துலா நீராடல்.

வழி நெடுக ஆறு சுருங்கிக்கொண்டே வருகிறது. வாய்க்காலுக்கு வாய்க்கால் பிரித்துக் கொடுத்துவிட்டு, பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு ஓடை அளவுதான். இதைப் பார்த்துச் சிலர் 'இவ்வளவுதானா?' என்கிறார்கள். வழியில் சோறு போட்டுவிட்டு வெறும் கையோடு வீடு திரும்பும் தாய் மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் சோழரின் துறைமுகம் காவிரிப்பூம்பட்டினம். வந்த சரக்கும் போகும் சரக்கும் புலி முத்திரை குத்தப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதாவது அன்றைக்கே சுங்கச் சாவடி! கீழையூரில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை போன்ற அமைப்பும், மரத்தூண்களும் கிடைத்தன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புறப்பட்டு, காவிரிக் கரையோடே திருவரங்கம் பக்கம் வந்து, உறையூர் வழியாக மதுரைக்கு நடந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நாங்கள் பஸ்ஸில் இறங்கி வந்த வழியில் அவர்கள் நடந்து ஏறிப் போயிருக்கிறார்கள்.

நீங்களும் கிளம்புங்கள்

ஆளுக்கொரு நோட்டு, ஐந்து மீட்டர் டேப், ஊர்க்காரர்களிடம் பேச ஒரு வாய் போதும். மேட்டூரில் அன்றைய நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலங்களில் தூணின் அடியைப் பாருங்கள், அடிமானம் வெளியே தெரிகிறதா என்று கவனியுங்கள். முக்கொம்பிலும் கல்லணையிலும் ஷட்டர் அருகே இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. நீச்சல் தெரிந்தவனும் அதில் போயிருக்கிறான். கம்பை இறக்காமல் காலை இறக்காதீர்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் சிலர் ஓவர்சியராகவோ சைட் இன்ஜினியராகவோ ஏதோ ஒரு ஆற்றங்கரையில் நிற்போம். அளவுப் புத்தகம் நம் கையில் இருக்கும். எடுத்த மணலின் அளவு, போட்ட கல்லின் அளவு, இறங்கிய அடிமானத்தின் ஆழம் எல்லாம் நாம் எழுதுவதுதான். அதில் ஒரு எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லி யாராவது வருவார்கள். தவறான எண்ணைப் பேப்பர் தாங்கிக்கொள்ளும். ஆறு தாங்காது. வெள்ளம் வரும் அன்றைக்கு, நாம் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் அது சரிபார்க்கும்.

சரியாக அளப்போம். அளந்ததை எழுதுவோம்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்